இனோக்கேயிடம் கேட்டது

அன்பு மகள் உனைசிக்கு,

நம் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி இனோக்கேயும் வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் தூங்கி, கர்த்தரின் கிருபையில் சுகமாக இருக்கிறோம். தூங்கி என்று தனியாக எழுதியது எதற்கென்று உனக்குத் தெரியும், அவன் தூங்கினால் இந்த வீடே சுகம் என்று அர்த்தம். அங்கே கடலுக்கு அப்பால் டப்போவில் காலையில் பனி உறைந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று சொன்னாய், காதை மூடாமல் வேலைக்குப் போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். இங்கே மழை விடாமல் பெய்து, ஆற்றோரத் தோட்டத்து மரவள்ளி பாதி அழுகிவிட்டது, மேட்டுத் தோட்டத்துச் சேப்பங்கிழங்கு தப்பித்தது. கோவில் கூரையில் புதுத் தகரம் போட்டாயிற்று, ஆனால் பாடகர் குழு உட்காரும் மூலையில் மட்டும் இன்னும் ஒழுகுகிறது, பிரசங்கம் நீளும்போது எழுந்துபோக அவர்களுக்கு அது ஒரு சாக்கு. நண்டு நன்றாகக் கிடைக்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

போன வாரம் பேசும்போது நீ பாதியில் போனை வைத்துவிட்டாய். எனக்கு வருத்தமில்லை. ஒரு புது மருந்து வீடு தேடி வந்தது, அதை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போகவிட்டீர்களே என்று நீ கேட்டாய், நான் சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டாய். போனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. பழம் பறிக்கும் வேலைக்கு நம் ஊரிலிருந்து இந்த மாதம் அங்கே வருகிறவர்கள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீ கடைசிவரை படித்த பிறகு கோபப்படு.

மருத்துவமனையிலிருந்து முதல் தடவை வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் வசிதி, மனநோய்ப் பிரிவில் ஆராய்ச்சி செய்கிற பெண், உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மற்றவன் கெலேபி, மாதாமாதம் இனோக்கேயின் மாத்திரையைக் கொண்டுவருகிற அதே நர்ஸ். பெரியப்பா ஐசாக்கே வீட்டில்தான் உட்கார்ந்தோம், அப்பா போன பிறகு நம் வீட்டுக்கும் வாய் அவர்தானே. ஒன்று கேட்டு வருகிறவர்கள் வைக்கிற முறைப்படி கெலேபி யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைப் பாயில் வைத்துப் பேசினான். அவன் பேசியதை நான் இப்போது வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்க்கிறேன். இந்த வீட்டுப் பிள்ளை இனோக்கேயிடம் ஒரு விஷயம் கேட்க வந்திருக்கிறோம், கேட்க எங்களுக்கு வழி விடவேண்டும் என்றுதான் சொன்னான். பெரியப்பா வேரைக் கையில் எடுத்து, "வந்த காரியம் உங்களுக்கு ஆச்சு, பையன் உங்க பையன், கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லி முடித்தார், எல்லோரும் கை குவித்துத் தட்டினார்கள். அவர்கள் கேட்டது கேட்பதற்கு வழி. பெரியப்பா கொடுத்தது பையனை. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கும் படவில்லை, நானும் சந்தோஷமாகத்தான் தட்டினேன்.

அதற்குப் பிறகு டாக்டர் அந்த ஆராய்ச்சியைப்பற்றி நிதானமாகச் சொன்னார். நான் நண்டுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே பாதி கேட்டேன். பெரியப்பாவும் மற்றவர்களும் வேரை இடித்த தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதில் இருந்தார்கள். கேட்டவரைக்கும் எனக்குப் புரிந்தது இதுதான்: புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, பழைய மாத்திரையோடு சேர்த்து ஒரு வருஷம் சாப்பிட வேண்டும், அதனால் இந்த மந்தமும், எதிலும் மனசு ஒட்டாமல் உட்கார்ந்திருப்பதும் குறையலாம். உனைசி, எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அவன் மறுபடி பாடகர் குழுவில் நின்று பாடுவதும், சாப்பாட்டுக்கு நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பதும்தான் கண்ணில் நின்றது.

பிறகு டாக்டர், இனோக்கேயைத் தனியாக ஈரப்பலா மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசலாமா என்று கேட்டார். பெரியப்பா விடவில்லை, "எங்க வீட்டுல மூடி மறைக்க ஒண்ணும் இல்லம்மா, இங்கயே கேளு" என்றார். சரி என்று டாக்டர் அங்கேயே, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலோரம் உட்கார்ந்திருந்த அவன் பக்கம் திரும்பி, "நாங்க என்ன செய்யப் போறோம்னு உங்க வாயால சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். "பெரியப்பா சரின்னுட்டாரு" என்றான். வேண்டாம் என்று சொன்னால் இப்போது கொடுக்கிற மாத்திரை நின்றுவிடுமா என்று கேட்டார். அதற்கும் அதையே சொன்னான். "உங்களுக்கு விருப்பம் இருக்கா?" என்றபோது தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் கையிலிருந்த காகிதங்களை மூடிவைத்துவிட்டார். இன்றைக்கு இவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது, மறுபடி ஒரு நாள் வந்து கேட்கலாமா என்று மட்டும் கேட்டார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "வேரை வாங்குனவன் நானு. நான் சரின்னதுக்கு அப்புறம் அவன் சொல்லணும்னு உக்காந்தா, என் வார்த்தைக்கு என்ன மரியாதை?" என்றார். கெலேபியின் ஊருக்கும் நம் ஊருக்கும் கேலி பேசுகிற முறை இருப்பதால் அன்று தப்பித்தோம். "இந்த ஊர் ஆளுங்க நண்டு மாதிரி டாக்டர், நேரா நடன்னா பக்கவாட்டுலதான் போவாங்க, இருட்டறதுக்குள்ள வீடு சேர மாட்டாங்க, நாம கெளம்பலாம்" என்றான். பெரியப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, "உங்க ஊர் ஆளுங்க எங்க நண்டைத் தின்னுட்டுத்தானேடா நேரா நடக்கக் கத்துக்கிட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அதோடு போனார்கள்.

மறுநாள் நீ பேசினாய். "அவனுக்கு என்னம்மா தெரியும், நீ அவனோட அம்மா, நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் எல்லோரும் இனோக்கேயைப் பாவமாகப் பார்த்தார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே, புத்தி இன்னும் திரும்பவில்லையே என்று. பெரியப்பா மூன்று ஞாயிறு எங்களோடு சாப்பிட வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் தண்ணீர் வற்றிய வேலியிறக்கத்தில் இனோக்கே என்னோடு நண்டுக்கு வந்தான். முழங்காலால் என்னால் குனிய முடிவதில்லை, வளைக்குள் கைவிடுவது அவன், கூடை பிடிப்பது நான். அலையாத்தி வேர்களுக்கு நடுவில் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, ஒரு பெரிய நண்டின் காலைக் கட்டிக்கொண்டே, நான் எதுவும் கேட்காமல் அவனாகவே சொன்னான். "அம்மா, டாக்டர் சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சிச்சு. சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி நெறம், அதே மாதிரி அளவு, உள்ள வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, கெலேபிக்கும் தெரியாது, டாக்டருக்கே தெரியாது. மாசம் ஒருதரம் ரத்தம் எடுப்பாங்க. எப்ப வேணா நிறுத்திக்கலாம். வேணாம்னு சொன்னாலும் பழைய மாத்திரை வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றான். கூடை என் கையிலிருந்து நழுவிச் சேற்றில் சாய்ந்து, இரண்டு நண்டு போய்விட்டது. பாதிப் பேருக்கு மாவு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "இவ்வளவும் தெரிஞ்சுதான் அன்னைக்கு மரமாட்டம் உக்காந்திருந்தியா?" என்றேன். "வேற எப்படிம்மா? வேணும்னு சொன்னா அது என் பதில் இல்ல. வேணாம்னு சொன்னா வேரை எடுத்த பெரியப்பா கை பொய்யாப் போயிடும். எனக்குப் புத்தியில்லன்னு ஆயிட்டா யாருக்கும் நஷ்டமில்ல. அது ஊருக்கே தெரிஞ்ச சேதிதானே" என்று சொல்லி, அடுத்த வளைக்குள் கையை விட்டான்.

நான் அவனைப் பெற்றவள். சுவா நகரத்தில் படிக்கப்போன இடத்தில் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று, தானே பானை வைத்துப் பிடித்த மழைத்தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தானே, அந்த நாளெல்லாம் பக்கத்தில் இருந்தவள். ஆனால் அன்றைக்குச் சேற்றில் நின்றபோது, இவனோடு பேசியே பல வருஷமாயிற்று என்று தோன்றியது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தூங்கு என்று சொன்னதெல்லாம் பேச்சில் சேராது. "இப்ப உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு" என்றேன். "அதைச் சொல்றதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட போகணும்" என்றான்.

மருத்துவமனையிலிருந்து வந்த வருஷம் அவன் வீட்டுக்குப் பின்னால் யங்கோனா நட்டானே, நினைவிருக்கிறதா, தான் குடிக்கக்கூடாது என்று கெலேபி சொன்ன பிறகும் விடாமல் களை எடுத்து வளர்த்தானே. சனிக்கிழமை காலை அதில் நன்றாக முற்றியதை வேரோடு, இலையோடு தோண்டி எடுத்தான். ஆற்றில் அலசித் தோளில் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தான். நம் சார்பாகப் பேச யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "நீ எனக்குப் பின்னாடி உக்காரு, போதும்" என்றான். பெரியப்பா வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். செடியைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். இனோக்கே செடியை முன்னால் வைத்து, குனிந்தபடியே பேசினான். "பெரியப்பா, அன்னைக்கு வந்தவங்களுக்கு நீங்க சொன்ன வார்த்தை இந்த வீட்டு வார்த்தை, அது அப்படியே நிக்கட்டும். அவங்க வரலாம், கேக்கலாம். என் உடம்புக்குள்ள போறதுக்கு மட்டும் நானே பதில் சொல்ல விடுங்க. அதுக்குத்தான் இது" என்றான்.

பெரியப்பா தொடவில்லை. வேரிலிருந்து சொட்டிய தண்ணீர் பாயில் ஊறி அவர் முழங்கால்வரைக்கும் வந்துவிட்டது, அப்போதும் அவர் அசையவில்லை. நான் உள்ளுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். செடியை எடுக்காவிட்டால் இந்த ஊரில் அவன் வாய்க்கு இனி இடமே இல்லை, மருந்து வேண்டும் வேண்டாம் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான். கடைசியில், "அன்னைக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப ஏண்டா வாயடைச்சுப் போய் உக்காந்திருந்த?" என்றார். "உங்களுக்கு முன்னாடி நான் எப்படி வேணாம்னு சொல்லுவேன்?" என்றான். பெரியப்பா என்னைப் பார்த்தார். என்னிடம் அவர் நேராகப் பேசுவதில்லை, அன்று பேசினார். "உனைசி அம்மா, இவனுக்குப் புத்தியில்லன்னு எந்தக் கழுதை சொன்னது?" என்றார். நீங்களும் நானும்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவர் செடியைத் தண்டோடு பிடித்துத் தூக்கி, ஏற்றுக்கொள்கிற வார்த்தையைச் சொல்லிக் கை தட்டினார். பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டே, "சரி, அவ என்னதான்டா சொன்னா, எனக்கும் சொல்லு" என்றார். இனோக்கே சீட்டுக் குலுக்குவதையும் மாவு மாத்திரையையும் பொறுமையாகச் சொன்னான். பெரியப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, "அப்ப நான் எதுக்குடா சரின்னேன்?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவன் சிரித்ததை நான் கேட்டேன் உனைசி, அதற்கு எந்த மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இவன் சரி என்று சொல்லவேண்டும் என்றுதான் அப்போதும் என் மனசு ஆசைப்பட்டது. அதை மறைக்கவில்லை.

கெலேபிக்குச் சொல்லியனுப்பினோம், டாக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஈரப்பலா மரத்தடியில்தான் பேச்சு. பெரியப்பா தானாகவே வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார், போகும்போது கெலேபியையும் இழுத்துக்கொண்டு போனார். நானும் எழுந்தேன், இனோக்கே, அம்மா இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொன்னான். டாக்டர் அதே கேள்விகளைக் கேட்டார். சேற்றில் என்னிடம் சொன்னதைப்போல ஒன்றையும் விடாமல் சொன்னான், அவர் சொல்ல மறந்த ஒன்றையும் கேட்டான், எடுத்த ரத்தத்தை அப்புறம் என்ன செய்வீர்கள் என்று. விருப்பமா என்று அவர் கேட்டபோது, இல்லை என்றான். அவர் உடனே, சரி, உங்கள் வழக்கமான மாத்திரையும் கெலேபி வருவதும் எதுவும் மாறாது என்றார். காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னார். அவன்தான், சொல்கிறேன் என்றான்.

"என் வியாதியே எது நெஜம் எது பொய்னு தெரியாம போறதுதான் டாக்டர். தண்ணியில விஷம் இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு வாய்க்கும் யோசிச்சேன். அதுலேருந்து வெளிய வர எனக்கு நாலு வருஷம் ஆச்சு. இப்ப தெனம் காலையில வாயில போடுறது மருந்தா மாவான்னு ஒரு வருஷம் தெரியாம இருக்கணும். உங்ககிட்ட கேட்டா உங்களுக்கும் தெரியாது. வேற யாராவது தாங்குவாங்க, அவங்ககிட்ட கேளுங்க, இதைத் தப்புன்னு நான் சொல்லல. நான் தாங்க மாட்டேன்" என்றான். இதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு, இந்தக் காரணத்தைத் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லலாமா, இதற்கும் நீங்கள் முடியாது என்று சொல்லலாம் என்றார். இனோக்கே யோசித்தான். "சொல்லுங்க. பேரு வேணாம், ஊரும் வேணாம்" என்றான். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டு, எழுதியதை அவனிடம் படித்துக்காட்டிவிட்டுத்தான் எழுந்தார். நண்டு தின்னாமல் அனுப்பவில்லை, அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். அந்த மருந்து ஒருவேளை அவனுக்கு நல்லது செய்திருக்கலாம். இருக்கலாம் என்பது இனி எப்போதும் இருக்கலாம்தான், அதைத் தினமும் பொழுது விடிந்ததும் நானும் நினைத்துப் பார்க்கிறேன், உனக்கு மட்டும் வலிக்கவில்லை. ஆனால் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற உன் வேலையைப்பற்றி நீதான் சொன்னாய், பிள்ளைகளின் பேர்கூட மறந்துபோன கிழவியானாலும், குளிப்பாட்டும் முன் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும், அவள் முகத்தைச் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று. அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். அந்தக் கிழவிக்குக் கொடுப்பதை உன் தம்பிக்கும் கொடு. அவன் வேண்டாம் என்று சொன்னதனால் புத்தியில்லாதவன் ஆகவில்லை, வேண்டும் என்று சொல்லியிருந்தால் புத்திசாலி ஆகியிருக்கவும் மாட்டான்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் அனுப்பினால் இனோக்கே டப்போவுக்கு வருவானா என்று கேட்டிருந்தாய். வருவான் என்று எழுதப்போனேன், எழுதாமல் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதை நீ அவனிடம் கேள். அவன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுப்பான், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திரு, லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே.

இந்தக் கடிதம் முழுவதையும் அவனுக்குப் படித்துக்காட்டினேன். என்னைப்பற்றி எழுதியிருக்கிறாயே, அனுப்பும் முன் கேட்டாயா என்று அவன் சொல்லிவிடக் கூடாதே. பாயில் படுத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். தண்ணீர்த் தொட்டியைப்பற்றி எழுதியது இருக்கலாமா என்று கேட்டேன், இருக்கட்டும், அக்காவுக்குத் தெரிந்ததுதானே என்றான். சேற்றில் நின்று சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். நான் எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான். எடுத்துவிட்டேன், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். அது என்ன என்று என்னிடம் கேட்காதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் கைபட்டுக் குளிக்கிற முதியவர்களின் ஆசீர்வாதமும் உனக்குச் சேரட்டும். காதுக்குத் துணி கட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேசு, என்னைக் கேட்காதே, முதலில் அவனைக் கூப்பிடச் சொல்.

உன் அன்பு அம்மா,
தரைவினி